வருமுன் அறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. மழைநீரைச் சுண்ணாம்புக்கல் தன்னுள்ளே தேக்கி வைத்திருக்க, அதனைக் கிணற்றின் வழியே பெற்று வாழும் மண் அது. புத்தூரின் தோட்டங்களிலே வெங்காயமும் புகையிலையும் விளைவித்த கமக்காரன் துலாவைக் கைவிட்டு நீரிறைக்கும் இயந்திரத்தைக் கைக்கொண்டபோது, அவனது செவிக்குப் புதியதொரு தொழில் வந்து சேர்ந்தது. வாய்க்காலை மறித்துப் பாத்திக்கு நீர் திருப்பும் வேளையிலும் அவன் காது இயந்திரத்தின் ஒலியிலேயே இருக்கும். ஒலி சற்றுக் கரகரத்தால், அருகே சென்று தொட்டுச் சூடு பார்ப்பான். நீரின் வேகம் தளர்ந்தால், கிணற்றை எட்டிப் பார்ப்பான். ஐயம் மிகுந்தால், நீரை வாயிலிட்டு உவர் தட்டுகின்றதா என ஆராய்வான். ஒலி, வெப்பம், நீர்மட்டம், சுவை ஆகிய இந்நான்கையுங் கொண்டு, நாளை நேரவிருப்பதை இன்றே அவன் உய்த்துணர்ந்தான்.

இன்று பெரிய விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் குளிரூட்டும் இயந்திரங்களைக் காப்பதற்குக் கையாளப்படும் புதிய முறை, அடிப்படையில் இக்கமக்காரனது முறையே எனலாம். வேறுபாடு யாதெனில், அங்கே செவியும் கையும் செய்த வேலையை இங்கே உணரிகள் செய்கின்றன. அமுக்கியின் அதிர்வு, குழாய்களின் வெப்பநிலை, குளிர்பதனப் பொருளின் அழுத்தம், மோட்டார் உட்கொள்ளும் மின்னோட்டம் என்பவற்றை அவை இரவு பகலாக அளக்கின்றன. அளந்தவற்றை வலையமைப்பின் வழியே கணினிக்கு அனுப்புகின்றன. கணினி அவற்றை இயந்திரத்தின் வழக்கமான நடத்தையோடு ஒப்பிட்டு, பழுது நேருமுன்னரே எச்சரிக்கின்றது.

இயந்திரத்தைப் பேணும் முறைகள் மூவகைப்படும். உடைந்தபின் திருத்துவது ஒன்று. நாட்காட்டியைப் பார்த்துக் குறித்த காலத்தில் திருத்துவது மற்றொன்று. அறிகுறி கண்டு திருத்துவது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதே பாதுகாப்பானதென நெடுங்காலம் நம்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவில் ஆய்வு செய்த உயிரியலறிஞர் வாடிங்டனும் அவரது குழுவினரும் இதற்கு மாறானதொன்றைக் கண்டனர். குறித்த காலத்துச் சோதனை முடிந்தவுடனேயே விமானங்களில் எதிர்பாராத பழுதுகள் மிகுந்தன. நாட்செல்லச் செல்ல அவை குறைந்தன. நன்றாக இயங்கியதைக் கழற்றிப் பூட்டியதே பழுதுக்கு வழிவகுத்தது. பின்னர் 1978 இல் அமெரிக்க விமானத் துறையைச் சார்ந்த நௌலன், ஹீப் என்னும் இருவர் வெளியிட்ட அறிக்கை, தாம் ஆராய்ந்த உறுப்புகளில் 89 வீதமானவற்றுக்கு வயதெல்லை விதித்து மாற்றுவதால் பயனில்லை எனக் காட்டிற்று. இயந்திரத்தின் வயதைவிட அதன் நிலையே நோக்கற்பாலது என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். சுண்ணாம்புக்கற் பகுதியின் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியிலே வெண்படை ஒன்று படிவதைப் புத்தூரில் அறியாதவர் இலர். நீரினாற் குளிர்விக்கப்படும் பெரிய இயந்திரங்களின் ஒடுக்கிக் குழாய்களிலும் இவ்வாறான படையே படிகின்றது. அது வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும், அமுக்கி முன்னிலும் கடினமாக உழைக்கும், மின்செலவு ஏறும். அறையோ வழக்கம்போலவே குளிர்ந்திருக்குமாதலின் எவரும் ஐயுறார். ஆனால் ஒடுக்கியில் உள்ள குளிர்பதனப் பொருளின் வெப்பநிலைக்கும் அதனைவிட்டு வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிது சிறிதாக விரிந்துகொண்டே வரும். அவ்விரிவை உணரி காட்டிக்கொடுக்கின்றது. தாங்கிகளின் தேய்வும் அத்தகையதே. அது செவிக்கு எட்டுமுன்னரே அதிர்வாக வெளிப்படுகின்றது.

தொலைவிலிருந்து குளிரை அறியும் முயற்சி விளையாட்டுப்போலத் தொடங்கியது. 1982 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறையினர், குளிர்பான இயந்திரத்திற் போத்தல்கள் உள்ளனவா, அவை குளிர்ந்துவிட்டனவா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறியுமாறு அதனைக் கணினியோடு இணைத்தனர். மாடிப்படி இறங்கும் சிரமத்தைத் தவிர்க்க எழுந்த இவ்வெண்ணம் இன்று உயிர்காக்கும் பணிக்கும் உதவுகின்றது. தடுப்பு மருந்துகளுட் பெரும்பாலானவை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையிலே பேணப்பட வேண்டியவை. ஏற்புவலி, ஈரலழற்சி பீ ஆகியவற்றுக்கான மருந்துகள் உறைந்துவிட்டாலும் கெடும். கெட்ட மருந்தைக் கண்ணாற் கண்டறிதல் எளிதன்று. குழந்தைக்கு ஊசி ஏற்றப்படும், காப்போ கிட்டாது. 1990 இலிருந்து நெடுங்காலம் தேசிய மின்வலையமைப்பினின்றும் துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டு மக்களுக்குக் குளிர் என்பது வெறும் சுகபோகமன்று என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. குடாநாட்டிலிருந்து கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று இத்தொழிலில் அமர்ந்தோர் பலர். அவர்களுள் கைதேர்ந்த ஒருவன் தன் செவியாலும் விரல்நுனியாலும் பெற்ற அறிவே அவனது முதல். இனி அவ்வறிவு தொலைநாட்டு நிறுவனமொன்றின் கணினியிற் சேருமாயின், அவனிடம் எஞ்சுவது யாது? திரையிலே செந்நிறம் தோன்றியதும் சொல்லப்பட்ட உறுப்பை மாற்றிவிட்டு மீளும் வேலைமட்டுமே எஞ்சுமெனில், அது அறிவின் வளர்ச்சியாகாது. அறிவு கைமாறியதாகவே அமையும். மேலும், உணரியும் ஒரு கருவியே, அதுவும் பழுதடையும். பொய்யெச்சரிக்கை பலமுறை ஒலித்தால், மெய்யெச்சரிக்கையையும் மனிதன் பொருட்படுத்தாது விடுவான். எது மெய், எது பொய் எனப் பகுத்தறிய, இயந்திரத்தைத் தொட்டறிந்த ஒருவன் வேண்டும். ஆகவே உணரி தரும் அளவுகளை அவனே வாசிக்கவும், அவற்றை ஐயுறவும் பயிற்றுவித்தல் தொழில்நுட்பக் கல்லூரிகளின் கடமையாகும். அளவுகள் இயந்திரத்தை வைத்திருப்போரிடமும் இருத்தல் வேண்டும்.

முன்னறிவு மட்டும் எதனையும் காத்துவிடாது என்பதற்குப் புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறே சான்று. அதன் நீர் மேலே நன்னீராகவும் ஆழத்தில் உவராகவும் இருப்பதை எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலேயே குறித்துள்ளார். நன்னீர் உவர்நீரின்மேல் மிதப்பதால், அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். இவ்வுண்மை அறியப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று மின்கடத்துதிறனை அளக்கும் உணரியைக் கிணற்றினுள் இறக்கினால், உவரின் வரவை நாள்தோறும் கண்டுகொள்ளலாம். ஆனால் இயந்திரத்தை நிறுத்தும் கை மனிதனுடையது. எச்சரிக்கையைக் கண்டபின் இன்னும் ஒரு நாள் இறைப்போம் என எண்ணும் கமக்காரனும், இந்த ஆண்டு செலவு வேண்டாம் என ஒத்திப்போடும் கட்டட உரிமையாளனும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இவர்களைத் திருத்தும் உணரி இன்னும் ஆக்கப்படவில்லை.