காடும் காதும்

பைனஸ் காட்டுக்குள் நின்றால் காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஊசியிலைகளுக்குள் அது நுழையும்போது தொலைவில் கடல் இரைவது போலிருக்கும். கடலைக் காணாத பதுளைப் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் கடலை ஊகித்துக்கொள்ள வேண்டும். காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். பிறகு ஒன்றுமில்லை.

1970களிலும் 1980களிலும் ஊவாவின் புல்மலைகளில் வரிசை வரிசையாக நட்டுவைத்த மரம் இது. கரீபியன் கரைகளுக்குரியது. நம் குருவிகள் கொத்தித் தின்ன அதில் பழமில்லை. உதிர்ந்த ஊசி மெத்தையில் வேறு செடி இலகுவில் தலைதூக்காது. கச்சான் வீசும் ஜூலை, ஆகஸ்டில் அதன்மேல் அணையாத ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும், மலை எரியும்.

நமுனுகுல மலைச்சாரலில் எங்கள் வீட்டுக்கு வலப்புறம் இந்தப் பைனஸ். இடப்புறம் ஓடையையொட்டிய ஒரு துண்டுக் காடு. தேயிலை வைக்க முடியாத செங்குத்துப் பள்ளம் என்று தோட்டத் துரைமார் விட்டுவைத்த மிச்சம் அது. யாருடைய தயவாலும் தப்பியதல்ல. கொழும்பிலிருந்து வரும் உறவினர்கள் இரண்டையும் பார்த்து, “என்ன அமைதி!” என்பார்கள். ஓடைக்காடு ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை.

ஸுபஹ் பாங்குக்கு முன்னரே காட்டுக்கோழி தொடங்கிவிடும். வெளிச்சம் வந்ததும் மந்திகளின் முழக்கம். பகல் முழுதும் குக்குறுவான் ஒரே சொல்லைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கும். மழைக்காலம் பிறந்தால் இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக் குருவி வந்து சேரும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியையொட்டிக் கூவுவதால் தமிழில் அந்தப் பெயர். சிங்களத்தில் அது ‘அவிச்சியா’. இரவல் வாங்கிய அழகிய உடையை மயில் திருப்பித் தரவில்லையென்று முறையிடுகிறதாம். ஒரே குரலில் ஒருவர் மணியைக் கேட்கிறார், மற்றவர் வழக்கைக் கேட்கிறார்.

இரவில் எப்போதாவது ‘உலமா’ அலறும். கணவன் தன் பிள்ளையைக் கொன்று கறியாக்கிவிட்டதை அறிந்து காட்டுக்குள் ஓடிய பெண்ணின் ஓலம் என்பது சிங்களக் கதை. ஒருவகைப் பெரிய காட்டாந்தையே அது என்பது பறவையறிந்தோர் பலரின் கருத்து. “நேத்து ராவு உலமா சத்தம் போட்டது” என்று அடுத்த வீட்டுச் சிங்கள நண்பர் சொன்னபோது, “எந்தப் பள்ளியில பயான்?” என்று உம்மா கேட்டது எங்கள் குடும்பத்தில் இன்றும் சிரிப்பு.

ஆந்தையென்றதும் தீபால் வரகாகொட நினைவுக்கு வருகிறார். 1995இல் கித்துல்கல காட்டில் இன்னதென்று புரியாத ஒரு குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரியதை அவர் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜவில். எந்த நூலிலும் இல்லாத சிற்றாந்தை! 2004இல் அதற்கு திலோ ஹொஃப்மனின் பெயரால் அறிவியற் பெயர் சூட்டினார்கள். அந்த ஆந்தையை முதலில் கண்டுபிடித்தது காதுதான்.

என் காதுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. மனிதச் செவி 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்பது இளமைக் கணக்கு. வயது மேலேயிருந்து தின்றுகொண்டு வரும். உள்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே குக்குறுவானின் தடித்த குரல் எனக்கு மிஞ்சியிருக்கிறது. சில்வண்டுகள் போய்விட்டன. கூட்டமாக வந்து மெல்லிய குரலில் கீச்சிடும் வெள்ளைக்கண்ணிகளின் சத்தத்தை இரண்டு வருடமாகக் கேட்கவில்லை.

போனது காடா, காதா? இது வெறும் வேடிக்கைக் கேள்வியல்ல. ஓடையின் மேற்பக்கத்தில் மரக்கறித் தோட்டங்களுக்கு மருந்தடிக்கிறார்கள். விறகுக்கு வெட்டுவதும் நிற்கவில்லை. என் கண்முன்னாலேயே ஒரு காடு ஊமையாகிக்கொண்டிருக்க, நான் முதுமையின்மேல் பழியைப் போட்டுவிட்டு வாசலில் குந்தியிருக்கக்கூடும்.

டிசம்பர் விடுமுறைக்கு ஒன்பது வயதுப் பேத்தி வந்தாள். முதலில் பைனஸுக்குள் கூட்டிப்போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டாள்.

“காத்து மட்டும்தான் அப்பா. வேற ஒண்டும் கேக்கல்ல.” (எங்களில் பாட்டனை அப்பா என்றுதான் அழைப்பது.)

அந்த மௌனம் மெய்யானதுதான். இளங்காதும் சாட்சி சொல்லிவிட்டது. அடுத்த நாள் ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். புதிதாக ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கூழாங்கல்லை என் கையில் வைக்கச் சொன்னேன். நான் மனதுக்குள் எண்ணியது ஆறு. என் கையில் பதினொரு கல் சேர்ந்துவிட்டது. ஏழாவது கல்லை வைத்தபோதே, “அது எப்படிக் கத்துது?” என்று கேட்டிருந்தேன். மூக்கைச் சுருக்கி, “சீ... சீ... எலிக்குஞ்சி அழுற மாதிரி” என்றாள். விரலை மேலே நீட்டினாள்.

கொய்யா மரத்தின் உச்சியில் நாலைந்து பச்சைக் குருவிகள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு. ஒன்றின் அலகு திறந்து திறந்து மூடுவது கண்ணாடியினூடே நன்றாகத் தெரிந்தது. எனக்கு ஓடைத் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. பேத்தி பன்னிரண்டாவது கல்லைத் தேடிக் குனிந்திருந்தாள்.