கயிற்றின் இந்தப் பக்கம்

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் கொளத்தூரில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வண்ணமீன் கடைகளின் வாசலில் தண்ணீரும் மீனுமாகப் பாலித்தீன் பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்தத் தெருவில் மாரியை நான் கூட்டிக்கொண்டு போனேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

மாரி சிப்பிப்பாறை நாய். மூன்று வயது, 19 கிலோ. சாத்தூர்ப் பக்கம் சித்தப்பா வீட்டில் பிறந்தவன். முயலைக் கண்டதும் பாய வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம். எங்கள் வில்லிவாக்கத்தில் முயல் ஏது? பூனை உண்டு. பத்து நாளுக்கு முன் காய்கறி வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பூனை ஓட, மாரி அதன் பின்னால் பாய, செயினைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்த அம்மா முழங்கால் தரையில் பட விழுந்தாள். சுண்டுவிரல் வீங்கி, எக்ஸ்ரே வரைக்கும் போய், நல்லவேளையாக முறிவு இல்லை. "அவன் மேல தப்பில்லடா, அந்தப் பூனை சும்மா இருந்திருக்கலாம்" என்று அவனுக்கே வக்காலத்து.

அதனால்தான் கொளத்தூரில் நாய்ச் சாமான் விற்கும் கடைக்கு வந்தோம். கடை பத்தடிக்குப் பத்தடிதான் இருக்கும். பெல்ட்டும் செயினும் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கின. கடைக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். மாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரு தம்பி வாக்கிங் கூட்டிட்டுப் போறது?"

"காலைல அம்மா, சாயங்காலம் நான்."

"அம்மாவுக்கு என்ன வயசு?"

நாயின் வயதைக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். 68 என்றேன். மூட்டுவலி உண்டா, எந்தக் கையில் பிடிப்பார், பால் பையும் இன்னொரு கையில் இருக்குமா என்று வரிசையாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் எழுந்து பொருளை எடுக்கப் போனார்.

முதலில் மாரியின் கழுத்தில் கிடந்த பெல்ட்டைத் தொட்டுக் காட்டினார். "இது பேரு, போன் நம்பர் மாட்டறதுக்கு. கயிறு மாட்டறதுக்கு இல்ல." பட்டை அகலமாக, பஞ்சு வைத்து இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறோம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அழுத்தத்தை அளக்கும் கருவி பொருத்திய செயற்கைக் கழுத்தில் பல வகைப் பட்டைகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். இழுக்கும் நாயின் கழுத்துக்கு அவற்றில் ஒன்றுகூடப் பாதுகாப்பில்லை என்று 2020-ல் எழுதினார்கள். மாரி இழுக்கும்போதெல்லாம் வரும் அந்த வறட்டு இருமலை நான் இத்தனை நாள் தூசி என்று நினைத்திருந்தேன்.

சுவரோரம் சோக் செயின் தொங்கியது. நாய் இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும், ஓரிடத்தில் நிற்காது. பக்கத்தில், உள்பக்கம் முள் வைத்த பட்டை. சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் அதற்குத் தடை உண்டு. "கேட்டு வர்றாங்க தம்பி, வெச்சிருக்கேன். நானா எடுத்துக் காட்ட மாட்டேன்" என்றார். வியாபாரி இவ்வளவு சொன்னதே பெரிது.

அடுத்து 'பாடி பெல்ட்' என்று எல்லோரும் சொல்லும் ஹார்னெஸ். முதலில் மாட்டியது முதுகில் வளையம் உள்ளது. தெருவில் நடத்திப் பார்க்கச் சொன்னார். இருமல் நின்றுவிட்டது, இழுப்பு இரண்டு மடங்கானது. டீக்கடை வரைக்கும் என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். யோசித்தால் இதில் வியப்பில்லை. வண்டி மாட்டுக்கு நுகத்தடி பூட்டுவது அது இழுப்பதற்குத் தோதாகத்தானே? அலாஸ்காவின் இடிடரோட் பந்தயத்தில் பனிச்சறுக்கு வண்டியைச் சுமார் 1,600 கிலோமீட்டர் இழுக்கும் நாய்களுக்கும் மார்பில் பாரம் பரவும்படிதான் வார் பூட்டுகிறார்கள். நானும் மாரிக்கு அதையே மாட்டிவிட்டு, இழுக்காதே என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, குதிரைக் கடிவாளம்போல மூக்கின் மேலாக ஒரு வளையமும் காதுகளுக்குப் பின்னால் ஒரு பட்டையும் உள்ள 'ஹெட் ஹால்டர்'. தலை எங்கே திரும்புகிறதோ உடம்பு அங்கே திரும்பும் என்பதுதான் சூத்திரம். பார்க்க வாய்ப்பூட்டு மாதிரி இருந்தாலும் நாய் வாயைத் திறக்கலாம், மூச்சிரைக்கலாம், தின்னலாம். பிடிப்பவருக்கு அதிகப் பலம் தேவைப்படாது. ஆனால் மாரி இரண்டு முன்னங்கால்களாலும் மூக்கைப் பிறாண்டி, தெருவில் புரண்டு, மீன் வாங்க வந்த குழந்தைகளைச் சிரிக்க வைத்தான். பிஸ்கட் காட்டிக் காட்டிப் பல நாள் பழக்க வேண்டுமாம். அதைவிட வேறொரு சிக்கல் இருந்தது. "இது பாயற சாதி. கயிறு முடியற இடத்துல தலை மட்டும் வெடுக்குனு திரும்பும். கழுத்து பிசகிடும்." கழற்றிவிட்டோம்.

நான்காவது, மார்பின் நடுவில் வளையம் உள்ள ஹார்னெஸ். கயிறு முன்பக்கம் மாட்டப்படுவதால், நாய் வேகமாக முன்னே போனால் அதன் வேகமே அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. மாரி இழுத்தான்; திரும்பினான்; குழம்பி என்னைப் பார்த்தான். மறுபடி இழுத்தான், மறுபடி திரும்பினான். நான் நின்ற இடத்திலிருந்து அசையவே இல்லை.

இங்கேதான் அளவுப் பிரச்சினை முளைத்தது. கடையில் இருந்ததெல்லாம் லாப்ரடாரை மனதில் வைத்துத் தைத்தவை. மாரிக்கு மார்புச் சுற்று 68 சென்டிமீட்டர், கழுத்து 36. மார்புக்குப் பெரிய அளவு, கழுத்துக்குச் சின்ன அளவு. ஆழமான மார்பும் ஒட்டிய வயிறும் கொண்ட இந்த வேட்டை நாய்கள், பின்வாங்கி உடம்பை நெளித்தால் சட்டை கழற்றுவதுபோல ஹார்னெஸிலிருந்து வெளியே வந்துவிடும். தலை குறுகலாக இருப்பதால் சாதா பெல்ட்டும் நழுவும். கிரேஹவுண்ட் வளர்ப்பவர்கள் ஓரளவுக்கு மட்டும் இறுகி நிற்கும் மார்ட்டிங்கேல் பட்டையைத் தேடுவது இதனால்தான். கடையில் அது இல்லை. நான்கு இடத்திலும் வாரை இழுத்துச் சரிசெய்யும்படி ஒரு ஹார்னெஸைத் தேடி எடுத்தார். வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி வைத்தார். முன்பட்டை தோள்மூட்டின் மேல் ஏறுகிறதா, அக்குளில் உரசுகிறதா என்று மாரியை நடக்கவிட்டுக் குனிந்து பார்த்தார். குட்டை முடி நாய்க்கு அங்கேதான் தோல் தேய்ந்து சிவக்கும். நழுவினாலும் கை விட்டுப் போகாமலிருக்க, ஹார்னெஸ் வளையத்தையும் கழுத்து பெல்ட்டையும் இணைக்கும் சின்ன வார் ஒன்றையும் மாட்டினார்.

கயிறு? பொத்தானை அழுத்தினால் நீளுவதைக் கேட்டேன். "இழுத்தா கயிறு வரும்னு நாய்க்கு நீங்களே பாடம் எடுக்கப் போறீங்களா?" என்றார். இரும்புச் செயின் அம்மாவின் கையை அறுக்கும். ஆறடி நீளத்தில், கைப்பிடியில் மெத்தை வைத்த நைலான் கயிறு முடிவானது. கையில் சுற்றக் கூடாது, கைப்பிடிக்குள் கையை விட்டு உள்ளங்கையால் மூடிப் பிடிக்கணும் என்று எனக்கே செய்து காட்டினார். எல்லாம் சேர்த்து 1,420 ரூபாய்.

பணத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "இது பிரேக்கு தம்பி. டிரைவிங் நீங்கதான் கத்துத் தரணும். கயிறு விறைச்சா நில்லுங்க, தளர்ந்தா நடங்க. அவ்ளோதான். ஆனா ஒரு நாள்கூட மாத்தக் கூடாது."

அடுத்த ஒரு வாரமும் ஆவின் பூத்துக்குப் போய்வரும் பத்து நிமிட வேலை, அம்மாவுக்கு அரை மணி ஆனது. "நான் நிக்கறேன், அவன் நிக்கறான். தெருவே எங்களப் பாக்குது" என்று அலுத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பதில் இப்போது பிஸ்கட் துண்டுகள்.

எட்டாம் நாள் நானும் கூடப் போனேன். அதே காய்கறி வண்டி, அடியில் அதே பூனை. என் கை தானாக நீண்டது. அம்மா கண்ணாலேயே அதட்டினாள். பூனை ஓடியது. மாரி பாய்ந்தான். மார்பு வளையம் இழுபட, அரை வட்டம் சுற்றி, பூனைக்கு முதுகு காட்டி அம்மாவுக்கு நேராக வந்து நின்றான். இத்தனை நாளும் கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்றே அவனுக்குத் தெரியாததுபோல ஒரு பார்வை.

"என்னடா முழிக்கற? நான்தான்" என்று சுருக்குப்பையை அவிழ்த்தாள் அம்மா.