உடன்பிறந்தார் கூடிக் காண வேண்டிய திருமெய்யம்

பொங்கல்தோறும் உடன்பிறந்தாளுக்குச் சீர் கொண்டு செல்வது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். சீர் என்பது வெறும் பொருளன்று. பிறந்த வீடு உன்னை மறக்கவில்லை என்னும் செய்தியைச் சுமந்து செல்வது. பிள்ளைகள் வெளிமாநிலங்களில் குடியேறிவிட்ட இக்காலத்தில் அந்தச் சீர் வங்கிக் கணக்கின் வழியே நொடிப்பொழுதில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொண்டு செல்ல வேண்டிய மனிதர்தாம் போவதில்லை.

பெங்களூருவில் நாற்பது ஆண்டுகளாக வாழும் பெரியவர் ஒருவரும் அவ்வாறே ஒன்பது ஆண்டுகள் சீர்ப்பணம் அனுப்பி வந்தார். அவருடைய தமக்கையார் இருப்பது புதுக்கோட்டையில். தாயார் காலமான பின் சொந்த ஊரிலிருந்த பழைய வீட்டை விற்க நேர்ந்தது. தம்பி விலை பேசி, முன்பணமும் வாங்கிய பிறகே தமக்கைக்குச் செய்தி சொன்னார். தமக்கை வந்தார், பத்திரத்தில் கையொப்பமிட்டார், தம் பங்கையும் பெற்றுக்கொண்டார். கணக்கில் ஒரு காசும் குறையில்லை. ஆயினும், "அம்மா வாழ்ந்த வீட்டை விற்கும்முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்ற சொல் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. தம்பியின் நெஞ்சிலும் அது தைத்திருந்தது. எனினும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தமக்கைக்கு எழுபத்திரண்டு வயது நிறைந்த ஆண்டில், ஒரு சனிக்கிழமை விடியலில் தம்பி தம் மனைவியுடன் காரில் புறப்பட்டார். மகன் காரை ஓட்டினான். ஓசூர், கிருஷ்ணகிரி கடந்து, தொப்பூர்க் கணவாயில் இறங்கி, சேலம், நாமக்கல் வழியாகத் திருச்சியை அடைந்தனர். அங்கிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். காவிரிக் கரையின் பசுமை மறைந்து, செம்மண் நிலமும் கண்மாய்களும் கரும்பாறைக் குன்றுகளும் தோன்றத் தொடங்கின. விசயாலய சோழீச்சரம் விளங்கும் நார்த்தாமலை இவ்வழிக்கு அருகில்தான் உள்ளது. மொத்தம் சுமார் நானூறு கிலோமீட்டர் பயணம். ஒரு பகலில் முடிகிற தொலைவு. அதைக் கடக்க ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

புதுக்கோட்டையும் ஒரு காலத்தில் தனி நாடாகவே இருந்தது. 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணையும் வரை அது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணும் அந்நாளில் வேறு நாட்டுக்குச் சென்றவளே. அம்மன்னர்களின் குலதெய்வமாய் விளங்கியவள் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். மன்னர்கள் தம்மைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்றே அழைத்துக்கொண்டனர். அம்பிகையின் உருவம் பொறித்த அம்மன் காசு சமஸ்தானத்தில் வழங்கியது. அதன் மதிப்பைக் கொண்டு அன்னைக்கு அரைக்காசு அம்மன் என்ற பெயரும் வழக்கில் நிலைத்தது.

அன்று மாலை குடும்பத்தார் அனைவரும் திருக்கோகர்ணம் சென்றனர். குன்றைக் குடைந்த கருவறையில் கோகர்ணேசுவரர் எழுந்தருளியிருக்கிறார். தொலைந்த பொருள் மீள அரைக்காசு அம்மனை வேண்டுவது தமிழகமெங்கும் அறிந்த வழிபாடு. வெல்லத்தைப் பிள்ளையார் பிடிப்பதுபோல் பிடித்து, அன்னையாகப் பாவித்துப் பூசையில் வைப்பர். பொருள் கிடைத்தபின் அந்த வெல்லத்தைப் பிரசாதமாக வழங்குவர்.

வீடு திரும்பியதும் தமக்கையின் பூசையறையில் அத்தகைய வெல்ல உருண்டை ஒன்று இருப்பதைத் தம்பியின் மனைவி கண்டார்.

"அண்ணி, எதைத் தொலைத்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு நவராத்திரிக்கும் புதிதாகப் பிடித்து வைக்கிறேன். கிடைத்ததும் சொல்கிறேன்" என்று மட்டும் விடை வந்தது.

மறுநாள் ஞாயிறு காலை, புதுக்கோட்டைக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமயத்துக்குப் புறப்பட்டனர். திருமெய்யம் என்பதே இத்தலத்தின் பழம்பெயர். மெய் என்றால் சத்தியம். எனவே மலைக்குச் சத்தியகிரி என்றும், தீர்த்தத்துக்குச் சத்திய புஷ்கரணி என்றும், நின்ற திருக்கோலப் பெருமாளுக்குச் சத்தியமூர்த்தி என்றும் பெயர். 1887 ஆகஸ்டு 19 அன்று இவ்வூரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி தாங்கியதும் இத்திருநாமமே.

ஊரை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது கோட்டை. 1687இல் சேதுபதி மன்னர் கட்டுவித்தது இது. இக்கோட்டையின் வரலாற்றோடும் ஓர் உடன்பிறப்பின் கதை பின்னியிருக்கிறது. கிழவன் சேதுபதியை மணந்த காதலி நாச்சியார், இரகுநாதராயத் தொண்டைமானின் சகோதரி. தங்கை சேது நாட்டு அரசியாக, அண்ணன் சேதுபதியின் ஆதரவால் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தலைவரானார். அவர் வழிவந்தவர்களே பின்னாளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்டனர். வேற்று நாட்டில் வாழ்ந்த உடன்பிறந்தாளின் உறவில் முளைத்த அரசு அது என்று சொன்னால் மிகையாகாது.

மலையின் தென்புற அடிவாரத்தில், ஒரே பாறையைக் குடைந்து, சத்தியகிரீசுவரர் கோவிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோவிலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சிவன் கோவிலில் அம்பிகை வேணுவனேசுவரி. வேணு என்பது மூங்கில். மூங்கில் வனத்து நாயகி. பெருமாள் கோவிலில் தாயார் உய்யவந்த நாச்சியார். அம்பிகை மாலவனின் தங்கை அல்லவா! தங்கை ஒரு வீட்டிலும் தமையன் அடுத்த வீட்டிலுமாக ஒரே பாறையின் நிழலில் வாழும் தலம் இது.

முதலில் சிவன் கோவிலில் தரிசனம் செய்தனர். குடைவரையில் இலிங்கத் திருமேனியையும், எதிரே பாறையில் ஓங்கி நிற்கும் இலிங்கோற்பவர் சிற்பத்தையும் கண்டு வணங்கினர். இரு கோவில்களுக்கும் இடையில் நிற்கும் மதிலைக் கண்ட மகன், ஒரே பாறைக்கு ஏன் குறுக்குச் சுவர் என்று வினவினான். ஊர் வரலாறு அறிந்த முதியவர் ஒருவர் விளக்கினார். இவ்விரு கோவில்களுக்கும் முற்காலத்தில் வழக்கு இருந்தது. 1245ஆம் ஆண்டில் ஹொய்சளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் அவ்வழக்குப் பேசித் தீர்க்கப்பட்டது. அச்செய்தியைக் கல்வெட்டிலும் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

தமக்கை முதன்முறையாகத் தம்பியை நோக்கிச் சிரித்தார். "அன்றும் வழக்கைத் தீர்க்கக் கன்னட தேசத்தார்தான் வந்திருக்கிறார்" என்றார். தம்பியும் சிரித்தார். ஆனால் அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பின்னர்ப் பெருமாள் கோவிலை அடைந்தனர். நூற்றெட்டுத் திவ்வியதேசங்களில் ஒன்றான இத்தலத்தைத் திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்துள்ளார். குடைவரையில் ஆதிசேடன்மேல் பள்ளிகொண்டிருக்கும் திருமெய்யரின் பேருருவத்தை ஒரே பார்வையில் அடக்க இயலாது. தலையிலிருந்து திருவடி வரை கண்களை மெல்ல நகர்த்தித்தான் சேவிக்க வேண்டும். பாம்பணையின் மேற்புறம் தேவர்களும் முனிவர்களும் சூழ, திருவடிப் பக்கம் அசுரர்கள் அஞ்சி நிற்கிறார்கள்.

பட்டர் தீபத்தை உயர்த்திக் காட்டித் தலபுராணத்தைச் சொன்னார். பெருமாள் யோக நித்திரையில் ஆழ்ந்திருந்தபோது மது, கைடபர் என்னும் அசுரர்கள் தேவியரைக் கவர வந்தனர். எம்பெருமானின் துயிலைக் கலைக்க மனமில்லாத ஆதிசேடன், தானே நஞ்சை உமிழ்ந்து அவர்களை விரட்டினான். பிறகுதான் அவனுக்கு அச்சம் பிறந்தது. சுவாமியைக் கேளாமல் செய்துவிட்டோமே என்று படம் சுருக்கி நின்றான். பெருமாள் விழித்தெழுந்து அவனைக் கடியவில்லை. அன்பினால் செய்தாய் என்று மெச்சித் தேற்றினார்.

'கேளாமல் செய்துவிட்டோமே' என்ற சொல்லைக் கேட்டதும் தம்பியால் பேசாதிருக்க முடியவில்லை.

"அக்கா, நானும் கேளாமல் செய்துவிட்டேன். கூரை ஒழுகியது, சுவர் சரிந்தது, நல்ல விலை கைநழுவிப் போகுமே என்று அஞ்சினேன். இவையெல்லாம் காரணங்கள்தாம். ஆனால் உன்னைக் கேட்காதது என் பிழை."

தமக்கை சிறிது நேரம் பெருமாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "நானும் வாய்திறந்து கேட்டிருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் மனத்திலேயே வைத்திருந்தது என் பிழை. மெய்யர் சந்நிதியில் மெய்யைச் சொல்லிவிட்டோம், போதும்."

பட்டர் இருவருக்கும் சடாரி சாதித்துத் துளசி வழங்கினார்.

முதியோர் இத்தலத்துக்கு அஞ்சாமல் வரலாம். இரு கோவில்களும் அடிவாரத்திலேயே இருப்பதால் மலையேற வேண்டியதில்லை. கோட்டையின் உச்சிக்கு மட்டும் படியேறிச் செல்ல வேண்டும். அங்குப் பழைய பீரங்கி ஒன்றைக் காணலாம். இளையவர்கள் வெயில் ஏறுமுன் சென்று வருவது நலம். நண்பகலில் கோவில் நடை சாத்தப்படுமாதலால் காலை வேளையே ஏற்றது. சாலையோரத்தில், கோட்டை மதிலின் வடபுறத்தில், கோட்டைப் பைரவர் எழுந்தருளியிருக்கிறார். வண்டி ஓட்டுவோர் இறங்கி வணங்கி, வழித்துணை வேண்டிச் செல்வது இங்கு வழக்கம். பெங்களூர்க் குடும்பமும் அங்கே சூறைத் தேங்காய் உடைத்து வணங்கியது.

திரும்பும் வழியில் புதுக்கோட்டை வீட்டில் பகலுணவு முடிந்தது. விடைபெறும் நேரத்தில் தமக்கை பூசையறைக்குச் சென்று, அந்த வெல்ல உருண்டையை எடுத்து வந்து உடைத்தார். முதல் துண்டைத் தம்பியின் கையில் வைத்தார். எதைத் தொலைத்தீர்கள் என்று இம்முறை எவரும் கேட்கவில்லை.

பாகம் பிரிப்பது குற்றமன்று. திருமெய்யத்தில் தெய்வங்களின் கோவில்களுக்கே வழக்கும் தீர்ப்பும் இருந்திருக்கின்றன. மதிலும் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அம்மதில் நிற்பது பாறையின் முன்னால்தான், பாறை பிளக்கவில்லை. தமையனும் தங்கையும் இன்றும் அதே மலையில்தான் வீற்றிருக்கிறார்கள். தொலைவில் வாழும் உடன்பிறந்தாரிடம் மனத்தாங்கல் கொண்டோர், இயலுமானால் அவரையும் அழைத்துக்கொண்டு, ஒருமுறை இத்தலத்துக்குச் சென்று வரலாம்.

அடுத்து வந்த பொங்கலுக்குத் தமக்கையின் வங்கிக் கணக்கில் சீர்ப்பணம் வரவாகவில்லை. கரும்பும் மஞ்சள்கொத்தும் புடைவையும் காரில் வந்து இறங்கின.