அடைதல்

மாடம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கத் தீர்மானித்துவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி வேறு வீடு கிடைத்தது. புத்தகங்கள், அம்மா, நான்கு பெட்டைகள், ஒரு சேவல் என்று குடிபெயர்ந்தோம். புத்தகங்கள் உடனே இடம் பிடித்துக்கொண்டன. கோழிகள் மறுத்தன.

பழைய கூடு செங்கல்லில் கட்டியது, தூக்கிவர முடியாது. புதியதை ரீப்பர் கட்டையிலும் கோழிவலையிலும் செய்வித்தேன். கோழியின் மூதாதை மரத்தில் அடைகிற காட்டுக்கோழி. எனவே முட்டையிடும் பெட்டியைவிட உயரத்தில் குறுக்குக் கட்டை வேண்டும் என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு வைத்திருந்தேன். முதல் சாயங்காலம் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒன்று துவைக்கிற கல்லில், ஒன்று என் ஸ்கூட்டர் சீட்டில், மற்றவை மதில்மேல்.

"இருட்டட்டும்" என்றாள் அம்மா. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. எட்டு மணிக்கு ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விட்டாள். "ஒரு வாரம் திறக்காதே. தீனி தண்ணி எல்லாம் உள்ளயே வை."

மூன்றாம் நாள் காலையிலேயே திறந்துவிட்டேன். கருணை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் காரணம் ஒரு கட்டுரை. புதுக்கவிதையில் வீடற்றவனின் குரல் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு மூன்று தடவை சுதந்திரம் என்று எழுதுகிறவனுக்கு, ஜன்னலுக்கு வெளியே வலைக்குப் பின்னால் ஐந்து ஜீவன்கள் உலாத்துவது சங்கடமாக இருந்தது. சங்கடம் என்னுடையது. அதைப் போக்கிக்கொள்ளத் திறந்தேன்.

பாங்கிலிருந்து திரும்பியபோது புள்ளிப் பெட்டையைக் காணோம். டார்ச்சுடன் தெருத்தெருவாகத் தேடிக் கடைசியில் பழைய வீட்டுக்குப் போனேன். சுவர்கள் பாதி விழுந்திருந்தன. கூடு இருந்த மூலையில் செங்கல் குவியல். அதன்மேல், சரியாக அந்த இடத்தில், உட்கார்ந்திருந்தது. நாய்கள் இன்னும் வரவில்லை. கையிலெடுத்தபோது கத்தவில்லை.

அம்மா சொன்னாள்: "அடைச்சாத்தாண்டா அடையும்."

ஆங்கில பி.ஏ. படித்த எனக்கு அந்நியமாதல் பற்றித் தெரிந்த அளவுக்கு இந்த வினைச்சொல்லைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. தன்வினையில் வந்து சேர்வது. பிறவினையில் பூட்டி வைப்பது. முட்டைமேல் உட்கார்ந்தாலும் அடைதான்.

எங்கள் பக்கத்துக்கு இது புதிய விஷயமில்லை. 1855ல் சென்னையில் மியூசியத்தோடு தொடங்கி, பிறகு சென்ட்ரல் அருகே இருந்த மிருகக்காட்சி சாலை, 1985ல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. விசாலமான இடம்; நல்லதற்குத்தான். இடம் மாற்றுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா போனபின், ஆறு வருஷம் முன்பு, நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்தேன். முதல் மாதமே ஒருநாள் பையோடு தாம்பரம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாள். எந்த ரயில் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அதிலிருந்து, பாங்குக்குப் புறப்படும்போது கிரில் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப்போகிறேன். பாதுகாப்பு என்று பெயர். அவள் சொன்ன வாக்கியத்தில் குற்றச்சாட்டு இருந்ததா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபடி அடைத்தோம், முழுசாக ஒரு வாரம். எட்டாம் நாள் திறந்துவிட்டோம். பொழுது சாய்ந்ததும் தாமாகவே உள்ளே போயின. கட்டையில் யார் எங்கே என்று கொஞ்ச நேரம் கொத்திக்கொண்டன. கோழிகளின் இந்தக் கொத்து வரிசையை ஷெல்டரப் எப்பா என்கிற நார்வேக்காரர் 1922லேயே எழுதி வைத்திருக்கிறார். புள்ளிப் பெட்டை கடைசியாக ஏறி ஓரத்தில் உட்கார்ந்தது.

"பழகிடுத்து" என்றேன்.

"வேற எங்க போகும்?" என்றாள் அம்மா.

மறுநாள் சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். கவுண்டரில் இரண்டு தடவை கணக்குத் தப்பியது. வீடு திரும்பியபோது கிரில் கதவு பூட்டியிருந்தது, உள்பக்கமாக. அவள் கூட்டின் முன்னால் உட்கார்ந்து கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் எழுந்து வந்து திறந்தாள்.

கட்டுரையை இன்னும் முடிக்கவில்லை.