கத்தரிக்காய்க்காரர் தந்த பாடம்

கரியாஹாட் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்பவரிடம்தான் நான் வங்காளம் கற்றேன். கையிலிருந்த தமிழ் எம்.ஏ. பட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை. "துய் பேகுன்" என்று கேட்பேன். "துட்டோ பேகுன்? நின், திதி" என்று இரண்டை எடுத்துத் தருவார். பொருள்களை எண்ணும்போது எண்ணோடு ஓர் ஒட்டும் சேரவேண்டும் என்பது எனக்கு உறைக்கச் சில வாரங்கள் ஆயின. தப்பு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சரியானதைத் தன் பதிலில் வைத்துத் தந்தார், அவ்வளவுதான். அந்த வங்காளம்தான் இன்று மொழிபெயர்ப்பாளராக எனக்குச் சோறு போடுகிறது.

மகள் விஷயத்தில் இந்தப் பாடத்தை மறந்துபோனேன்.

அவளுக்கு வயது 13. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். போதாதென்று ஜப்பானியம் படிக்க ஆசை. கார்ட்டூன் தொடர்கள் செய்த வேலை. கோல்பார்க் ராமகிருஷ்ணா மிஷன் கலாசார நிலையம் அயல்மொழிகள் பலவற்றைக் கற்பிக்கும் வட்டாரம் இது. ஆசிரியை கிடைப்பது கஷ்டமாக இல்லை. சாந்திநிகேதனில் படித்த ஓர் அம்மையாரின் வீட்டில் வாரம் இரண்டு நாள் வகுப்பு.

நான் பாடப் புத்தகமும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தேன். தினமும் மாலையில் பரீட்சை. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் குறுக்கிட்டுத் திருத்துவேன். பிரதியைத் திருத்தியே பழகிய கை. ஒருநாள் கேட்டாள்: "உனக்கே தெரியாத பாஷையில எனக்கு எப்படிம்மா தப்பு கண்டுபிடிக்கிறே?"

இரண்டு மாதத்தில் ஆசிரியை போன் செய்தார். "நன்றாக எழுதுகிறாள். வாயைத்தான் திறப்பதில்லை." அவளுக்குப் பயம் ஜப்பானியத்திடம் அல்ல, என்னிடம். சர்வதேச ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் 2010 முதல் ஐந்து நிலைகள் உள்ளன. பேச்சுக்கென்று தனிப் பகுதி கிடையாது. மதிப்பெண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், பெண் ஊமையாகிப்போனது எனக்குத் தெரிந்தே இருக்காது.

சிவப்புப் பேனாவை மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன். ஜப்பானியம் தெரியாத அம்மா என்னதான் கொடுக்க முடியும்? தன் மொழியைக் கொடுக்கலாம். ஜப்பானிய அகரவரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போகிறது. பௌத்தத் துறவிகள் பயின்ற வடமொழி எழுத்து முறையின் தாக்கம் அது. வினைச்சொல் நம்மைப்போலவே கடைசியில் வரும். 'டோக்கியோவுக்கு' என்பதில் வரும் 'கு' போல, அங்கேயும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் என்ன? "ஆங்கிலத்தில் யோசிக்காதே, தமிழிலிருந்து நேராகப் போ" என்று மகளிடம் சொல்ல, சொற்கள் நிற்கும் வரிசை ஒன்றே போதும்.

புதுமொழிக்கு இடம் வேண்டுமென்று வீட்டில் தமிழை நிறுத்திவிடும் பெற்றோர்களை இங்கே பார்க்கிறேன். ஏணியை ஏற்றிவிட்டு, அது நிற்கும் தரையைத் தோண்டுகிற காரியம் அது.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் அவள் ஆசிரியை, நான் மாணவி. நேற்று சமையலறையில் கடை விரித்தாள். நான் வாடிக்கைக்காரி. கத்தரிக்காய்க்கு 'நாசு', இரண்டுக்கு 'நி'. தைரியமாக, "நாசு ஓ நி குதாசாய்" என்றேன். பொருளை எண்ண அங்கேயும் வேறு சொல் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

மகள் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை.

"ஃபுதாத்சு? ஹாய், தோஸோ" என்று இரண்டு கத்தரிக்காய்களை எடுத்து என் கையில் வைத்தாள்.