மேடையிலிருந்து வரவேற்பறைக்கு: ஃபோகலும் ஷூபர்ட்டும்

1868ஆம் ஆண்டில் மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் என்ற ஓவியர் தம் இளமைக்கால மாலைப்பொழுது ஒன்றை நினைவிலிருந்து செபியா நிறத்தில் வரைந்தார். வியன்னாவில் யோசப் ஃபான் ஷ்பவுன் என்ற நண்பரின் வீட்டு வரவேற்பறை. நடுவே பியானோ, அதன் முன் மூக்குக்கண்ணாடி அணிந்த, குட்டையான ஃபிரான்ஸ் ஷூபர்ட். அவரருகே சாய்ந்து அமர்ந்து பாடுகிறார் யோஹான் மிகாயேல் ஃபோகல். வியன்னா அரசவை ஓபராவில் நெடுங்காலம் பாடி ஓய்வுபெற்ற பாரிடோன். இருவரையும் சுற்றி நண்பர்கள் நெருக்கியடித்துக் கூடியிருக்கின்றனர். மேடை இல்லை, திரை இல்லை. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே கைந்நீளத் தொலைவுதான்.

அப்படம் வரையப்பட்டபோது ஷூபர்ட் இறந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைச் சாட்சியம் என்பதைவிட ஏக்கம் என்பதே பொருந்தும். பாடகரும் பியானோ வாசிப்பவரும் ஒருமனப்பட்டு ஒன்றிய சிற்றறைக் கச்சேரி என்னும் பிம்பம் இன்றுவரை நீடிப்பதில் அதற்கும் பங்குண்டு. அந்த நண்பர் வட்டம் விட்டுச்சென்ற நினைவுக்குறிப்புகளோ சற்றே வேறு கதையைச் சொல்கின்றன. அங்கே இருவர் ஒன்றியிருந்தனர், ஆனால் உடன்பட்டிருக்கவில்லை.

ஃபோகல் 1768இல் பிறந்தவர்; ஷூபர்ட்டைவிட 29 ஆண்டுகள் மூத்தவர். 1790களின் நடுவிலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓபரா மேடையே அவர் வாழ்க்கை. க்ளுக்கின் ஓபராவில் ஓரெஸ்டெஸாக அவர் தோன்றியதைக் கண்டு வியந்த பள்ளி மாணவர்களுள் ஷூபர்ட்டும் ஒருவர். 1814இல் பேத்தோவனின் 'ஃபிடெலியோ' அதன் இறுதி வடிவில் அரங்கேறியபோது கொடுங்கோலன் பிட்சாரோவாகப் பாடியவரும் ஃபோகலே. இசைக்குழுவின் முழக்கத்தைத் தாண்டிக் கடைசி வரிசை வரை எட்டும் குரல், தூரத்திலிருப்பவரும் படிக்கக்கூடிய முகபாவம், ஒரு பாத்திரத்தை முழுதாக உடுத்திக்கொள்ளும் பயிற்சி ஆகிய மூன்றுமே அவருடைய மூலதனம்.

1817இல் நண்பர்களின் வற்புறுத்தலுக்கிணங்கி அவர் ஷூபர்ட்டைச் சந்திக்க வந்தார். கையெழுத்துப் படிகள் சிலவற்றை எடுத்துத் தாழ்ந்த குரலில் பாடிப் பார்த்தார். புறப்படும்போது அந்த 20 வயது இளைஞரின் தோளைத் தட்டி, சரக்கு இருக்கிறது, ஆனால் நடிகத்தன்மை போதவில்லை, நல்ல எண்ணங்களை விரித்துக் காட்டாமல் வீணடிக்கிறாய் என்ற பொருள்பட ஏதோ சொன்னதாக ஷ்பவுன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மேடையில் வாழ்ந்த ஒருவர் இதைத்தான் சொல்லியிருக்க முடியும். ஆனாலும் அவர் திரும்பி வந்தார். மீண்டும் மீண்டும் வந்தார்.

அவரை இழுத்தது எது என்பதற்கு அப்பாடல்களின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. 'லீட்' எனப்படும் அந்த ஜெர்மானியப் பாடல்வகையில் பியானோவை நாம் அறிந்த பொருளில் பக்கவாத்தியம் என்று சொல்லிவிட முடியாது. அது குரலைத் தொடர்ந்து செல்வதில்லை. குரல் வருவதற்கு முன்பே உலகத்தை உண்டாக்கி வைத்துவிடுகிறது. கதேயின் கவிதைக்கு ஷூபர்ட் இசையமைத்த 'எர்ல்கோனிக்' பாடலில் வலக்கை ஒரே சுரத்தை விடாது அடித்துக் குதிரையின் பாய்ச்சலை எழுப்புகிறது. அதன்மேல் கதைசொல்லி, தந்தை, நோயுற்ற மகன், அவனைக் கவர வரும் மாயமன்னன் ஆகிய நால்வரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். ஓபராவில் நான்கு பேருக்குப் பகிர்ந்தளிக்கப்படுவது இங்கே ஒரே தொண்டைக்குள் அடங்குகிறது. 1821 மார்ச் 7 அன்று ஃபோகல் இதைக் கேர்ன்ட்னர்டோர் அரங்கின் பொதுக் கச்சேரியில் பாடியபோது, கேட்டவர்கள் மறுபடியும் பாடச் சொன்னார்கள். அன்று பியானோவில் அமர்ந்தவர் ஷூபர்ட் அல்லர், அவர் நண்பர் அன்செல்ம் ஹூட்டன்பிரென்னர்.

வீட்டறையின் நெருக்கத்துக்குக் கருவியும் துணைநின்றது. அக்கால வியன்னா பியானோவுக்கு இன்றைய கச்சேரிப் பியானோவின் கனத்த இரும்புச் சட்டகம் கிடையாது. சுத்திகளின் மேல் தோல் போர்த்தப்பட்டிருக்கும். ஒலி மெலிது, எழுந்ததும் விரைவில் அடங்கிவிடும். அதன் மேலே ஏறி நிற்கப் பாடகர் முழங்க வேண்டியதில்லை. ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்துகூட அறையின் மூலை வரை தெளிவாகச் சென்று சேரும். முதுமையால் வலுவிழந்துகொண்டிருந்த குரலுக்கு இது ஒரு வரம். கூடவே ஒரு சோதனையும்கூட. பேரரங்கில் மறையும் சிறு பிசகு இங்கே மறையாது.

முரண்பாடும் இங்கேதான் எழுந்தது. ஷூபர்ட் தாளத்தில் கண்டிப்பானவர். தாம் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வேகத்தைக் குறைக்கவோ கூட்டவோ விரும்பாதவர். மிகையான உணர்ச்சிக் காட்டலை ஏற்காதவர் என்று, அவரை நேரில் அறிந்த லியோபோல்ட் ஃபான் சொன்லைட்னர் எழுதியிருக்கிறார். பாடல் பாடுபவர் பெரும்பாலும் பிறருடைய அனுபவத்தை எடுத்துரைப்பவரே. அவர் அப்பாத்திரமாக மாறிவிடத் தேவையில்லை என்பதும் சொன்லைட்னரின் விளக்கம். ஃபோகலோ பாத்திரமாக மாறியே பழகியவர். அவர் பாடல்களைத் தம் குரலுக்கேற்பச் சுருதி மாற்றினார். மெட்டில் அலங்காரச் சுரங்களைச் சேர்த்தார். உணர்ச்சி மிகும் இடங்களில் பாட்டைப் பேச்சாக்கினார். அவர் சேர்த்த அலங்காரங்களுள் சில எழுத்து வடிவிலும் எஞ்சியிருக்கின்றன. எடுத்துரைப்பா, நடிப்பா? அந்தச் சிற்றறையில் தீராதிருந்த வழக்கு இதுதான்.

வியப்பூட்டுவது, இவ்வழக்கு அவர்களைப் பிரிக்கவில்லை என்பதே. 1825 கோடையில் இருவரும் ஸ்டைர், லின்ஸ், சால்ஸ்பர்க் என மேல் ஆஸ்திரியா வழியே வீடு வீடாகப் பாடிக்கொண்டு பயணம் செய்தனர். அப்பயணத்தில் தமையன் ஃபெர்டினாண்டுக்கு எழுதிய கடிதத்தில், ஃபோகல் பாடத் தாம் வாசிக்கும் கணத்தில் இருவரும் ஒருவரே போலாகிவிடுவதாகவும், அங்குள்ளோர் அத்தகையதைக் கேட்டதே இல்லை என்றும் ஷூபர்ட் பெருமிதத்தோடு குறிப்பிட்டார். அதே காலத்துக் கேலிச்சித்திரம் ஒன்றில் நெடிய ஃபோகல் நெஞ்சு நிமிர்த்தி முன்னே நடக்க, குட்டை ஷூபர்ட் பின்னால் செல்கிறார். கேலியும் கடிதமும் ஒரே உறவைத்தான் சொல்கின்றன.

மிகையை வெறுத்த ஷூபர்ட் ஃபோகலின் மிகையை ஏன் பொறுத்துக்கொண்டார்? தம் பாடல்களை ஊர் கேட்கச் செய்தவர் என்ற நன்றி ஒரு காரணமாகலாம். அதனினும் ஆழமான காரணம் ஒன்றும் இருக்கலாம். ஒரே பியானோவின் முன் அமர்ந்திருக்கும்போது, வாசிப்பவரின் விரல் பாடுபவரின் மூச்சுக்காகக் காத்திருக்கிறது. பாடுபவர் விரலின் அழுத்தத்தைக் கேட்டே தம் அடுத்த சொல்லின் கனத்தை முடிவு செய்கிறார். ஒருவர் மற்றவரைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். தாளம் நடிப்பை அடக்குகிறது. நடிப்பு தாளத்துக்கு உயிரூட்டுகிறது. இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போயிருந்தால் அங்கே கேட்பதற்கு என்ன இருந்திருக்கும்? 1826 டிசம்பர் 15 அன்று ஷ்பவுன் வீட்டில் கூடிய மாலையில், 58 வயது ஃபோகல் 30 பாடல்களுக்கு நெருக்கமாகப் பாடினார் என ஃபிரான்ஸ் ஃபான் ஹார்ட்மன் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஓய்வுபெற்ற குரலுக்கு அது சிறிய எண்ணிக்கை அன்று.

அடுத்த ஆண்டு ஷூபர்ட் 24 பாடல்கள் கொண்ட 'வின்டர்ரைசே'யை முடித்தார். பனிக்காலத்தில் தனியே நடந்து செல்லும் ஒருவனின் பாடல்கள் அவை. அவரே பாடிக் காட்டியபோது நண்பர்கள் திகைத்துப்போயினர். கடைசிப் பாடலில் தெருவோரக் கிழவர் ஒருவர் கைப்பிடியைச் சுழற்றி வாத்தியம் வாசிக்கிறார். பியானோவின் இடக்கையில் நம் தம்பூரா போல ச-ப இடைவெளி விடாது ஒலிக்க, குரலும் வலக்கையும் மாறி மாறி வருகின்றன. அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. நடித்துக் காட்டவும் ஒன்றுமில்லை. 1828 நவம்பர் 19 அன்று ஷூபர்ட் 31 வயதில் இறந்தார்.

ஃபோகல் மேலும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். இறுதிக் காலத்தில், உடல் தளர்ந்து குரல் ஏறத்தாழ ஓய்ந்த நிலையில், நண்பர் ஒருவரின் வீட்டில் கூடியிருந்தவர்கள் நெகிழும்படி 'வின்டர்ரைசே' முழுவதையும் அவர் பாடியதாக அந்த வட்டத்தின் நினைவுகள் சொல்கின்றன. அப்போது அவரிடம் பிட்சாரோவின் குரல் இல்லை. தாளத்தைப் பிடித்து நிறுத்த ஷூபர்ட்டும் அருகில் இல்லை. நடிகத்தன்மை போதவில்லை என்று ஒருகாலத்தில் தீர்ப்புச் சொன்னவர், எடுத்துரைப்பதைத் தவிர வேறொன்றையும் அனுமதிக்காத அப்பாடலை வந்தடைந்திருந்தார். வழக்கில் ஷூபர்ட்டே வென்றார் எனலாம். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பாடிக் காட்டும் உரிமை, எதிர்வாதம் செய்தவருக்கே வாய்த்தது.