பொடி

பாட்டி போய் ஒரு வருஷம் ஆனதும், அவளுடைய ஐந்து பவுன் செயினைப் போட்டுவிட்டு அம்மாவுக்கும் சித்திக்கும் ஆளுக்கொரு செயின் வாங்குவது என்று முடிவானது. திருத்தணி கடைத்தெருவில் எங்களுக்குப் பழக்கமான நகைக்கடை. 1960 வரை ஆந்திராவோடு இருந்த ஊர். கடைக்காரர் எங்களிடம் தமிழில் பேசிக்கொண்டே உள்ளே தெலுங்கில் டீ சொன்னார்.

செயினை எக்ஸ்ரே மெஷினில் வைத்தார்கள். அரை நிமிஷத்தில் 91.2 என்று வந்தது. 22 கேரட் என்றால் 91.6. பழைய நகைக்கு ரொம்ப நல்ல மாற்று. "தெரிஞ்சவங்கதானே, உருக்க வேணாம். இதையே வச்சு கணக்கு போட்டுடலாம்" என்றார் கடைக்காரர்.

தாத்தா, "உருக்கிப் பாருப்பா" என்றார்.

தாத்தா கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள் இல்லை, மேலே மாற்றுப் பார்க்கும் அறையில். பாறையை நொறுக்கி, மாவாக அரைத்து, கூம்பாகக் குவித்து, தட்டி, நாலாக வகுப்பார்கள். எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி குவிப்பார்கள். இப்படியே குறைத்துக் குறைத்து முப்பது கிராம் மாவில் வந்து நிற்கும். அதோடு ஈய ஆக்சைடு, சோடா, வெண்காரம், கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து மூசையில் உருக்கினால், ஈயம் தங்கத்தை வாரிக்கொண்டு அடியில் இறங்கும். அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடாக்குவார்கள். ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். ஒரு மணி மட்டும் மிஞ்சும்.

2001 பிப்ரவரியில் மூடுவதற்கு முந்தைய வருஷங்களில் அங்கே டன்னுக்கு மூன்று கிராம் அளவில்தான் தங்கம் கிடைத்தது. அந்தக் கணக்கில் முப்பது கிராம் மாவில் இருப்பது 0.09 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அதனால் முதலிலேயே கொஞ்சம் வெள்ளி சேர்ப்பார்கள். பிறகு நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துவிட்டு மிச்சத்தை நிறுப்பார்கள். இன்றைக்கும் ஹால்மார்க்கில் சந்தேகம் வந்தால் கடைசித் தீர்ப்பு இந்த நெருப்பு முறைதான்.

"மெஷின் தோலைத்தான் பார்க்குது" என்றார் தாத்தா. உண்மைதான். அந்த எக்ஸ்ரே தங்கத்துக்குள் சில மைக்ரான் தாண்டாது. ஆசாரி அமிலத்தில் போட்டு மெருகேற்றும்போது மேலே இருக்கும் செம்பு கரைந்துவிடும், தோல் மட்டும் உசத்தியாகத் தெரியும். போதாததற்கு ஒவ்வொரு கண்ணியிலும் பற்றவைத்த பொடி இருக்கும். பொடி வைத்து ஊதுவது என்று நாம் பேச்சில் சொல்வதே ஆசாரி பட்டறையிலிருந்து வந்ததுதான்.

"நைனா, வேணாம் நைனா" என்றாள் அம்மா. உருக்கினார்கள். 87.3. நாற்பது கிராமில் ஒன்றரை கிராம் தங்கம் காணாமல் போனது.

அம்மா ரெண்டு நாள் தாத்தாவோடு பேசவில்லை. "கடைக்காரரே சரின்னாரே, இவருக்கு என்ன?" என்று என்னிடம் பொருமினாள். நான் சாஃப்ட்வேர்க்காரன். டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டால் அதற்கு மேல் கிளற மாட்டேன். அம்மா பக்கம்தான் சாய்ந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையில் தாத்தாவே ஆரம்பித்தார். "74ல வாங்கினது. அன்னிக்கு ராத்திரியே ஒரு பத்து மேல உரைகல்லுல தேச்சுப் பார்த்தேன். ஆசாரி பொடியை அள்ளிப் போட்டிருந்தான்."

"பாட்டிகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? அவ அப்பதான் கண்ணாடி பார்த்துட்டு வந்தா."

"அப்போ இப்ப மட்டும் ஏன் தாத்தா?"

"அது வீட்டுக்குள்ள. இது அவர் காசுடா."

படுத்த பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. என் இன்ஜினியரிங் ஃபீஸுக்குப் பாட்டி வளையல்களை அடகு வைத்தாள். சித்தி கல்யாணத்துக்குக் கம்மலைக்கூடக் கழற்றிக் கொடுத்தாள். அந்தச் செயினை மட்டும் எந்தக் கடைக்கும் அனுப்பியதில்லை. கேட்டால், "அது இருக்கட்டும்" என்பாள். கடையில் கொடுத்தால் முதலில் உரைத்துத்தான் பார்ப்பார்கள்.

காலையில் இதைத் தாத்தாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா காபி கொண்டுபோய் வைத்தாள். நான் சொல்லவில்லை.